‘ஆஸ்டராய்டு’: கண்ணுக்குத் தெரிந்ததற்கு இட்ட பெயர்

சிசிலித் தீவின் பலெர்மோ வானாய்வகத்தில் 1801 ஜனவரி 1 இரவு, விண்மீன் அட்டவணைக்காக ரிஷப ராசிப் பகுதியை அளந்துகொண்டிருந்த ஜுசெப்பே பியாற்சி ஒரு மங்கலான புள்ளியின் இடத்தைக் குறித்துக்கொண்டார். மறு இரவு பார்த்தபோது புள்ளி சற்று நகர்ந்திருந்தது. வால்மீன் என்று அறிவித்தாலும், அதைவிட மேலான ஒன்றாக இருக்கலாம் என்று நண்பர் ஓரியானிக்கு எழுதினார். செரஸ் என்று பெயர் பெற்ற அப்பொருள் சூரிய ஒளியில் மறைந்து தொலைந்துபோக, கணிதவியலாளர் காஸ் கணித்துத் தந்த பாதையின் துணையால் ஆண்டு இறுதியில் மீண்டும் அகப்பட்டது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே ஒரு கோள் இருக்க வேண்டும் என்று நெடுநாளாகத் தேடியவர்களுக்கு இத்துடன் நிறைவு கிடைத்திருக்க வேண்டும். ஆனால் 1802 மார்ச் 28இல் ஜெர்மனியின் பிரெமனில் வானியலாளர் ஓல்பர்ஸ், ஏறத்தாழ அதே தொலைவில் பல்லாஸைக் கண்டுபிடித்தார். ஒரு கோளுக்கான இடத்தில் இரண்டு பொருள்கள். பெயர்ச் சிக்கல் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

தொலைநோக்கியில் கோள் சிறு வட்டமாகத் தெரியும். உருப்பெருக்கத்தைக் கூட்டினால் வட்டமும் பெரிதாகும். விண்மீனை எவ்வளவு பெருக்கினாலும் அது புள்ளிதான். செரஸும் பல்லாஸும் வில்லியம் ஹெர்ஷலின் கருவியில் ஏறக்குறைய புள்ளிகளாகவே நின்றன. செரஸின் விட்டம் சுமார் 162 மைல் என்று அவர் மதிப்பிட்டார். இன்று நாம் அறிந்த அளவு ஏறத்தாழ 940 கிலோமீட்டர். ஹெர்ஷல் கணித்ததைப் போல மூன்றரை மடங்குக்கும் மேல். யுரேனஸைக் கண்டவர், இவ்வளவு சிறியவற்றைக் கோள் என்று அழைக்க ஒப்பவில்லை. 1802 மே 6இல் ராயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்ட கட்டுரையில் ‘ஆஸ்டராய்டு’ என்ற சொல்லை முன்வைத்தார். ‘ஆஸ்டெர்’ என்றால் கிரேக்கத்தில் விண்மீன்; ‘எய்டோஸ்’ என்றால் வடிவம், தோற்றம். இரண்டும் சேர்ந்து ‘விண்மீன் போன்றது’.

சொல்லை ஆக்கியவர் ஹெர்ஷலே என்று இருநூறு ஆண்டுகள் எழுதப்பட்டு வந்தது. வானியல் வரலாற்று ஆய்வாளர் கிளிஃபர்ட் கன்னிங்ஹாம் பழைய கடிதங்களை ஆராய்ந்து, அது கிரேக்க அறிஞர் சார்லஸ் பர்னி இளையவரின் சொல் என்று 2013இல் எடுத்துக்காட்டினார். ஹெர்ஷல் பெயர் கேட்டு நண்பர்களை அணுகியிருந்தார். அவர்களுள் ஒருவரான இசை வரலாற்றாசிரியர் சார்லஸ் பர்னி மூத்தவர் மகனிடம் கேட்க, மகன் தந்தது இச்சொல். வேறு முயற்சிகளும் நடந்தன. ராயல் சொசைட்டித் தலைவர் ஜோசப் பேங்க்ஸ் வழியாக ஸ்டீபன் வெஸ்டன் ‘கண்ணுக்குத் தெரியாதது’ என்னும் பொருளில் ‘ஆயரேட்’ என்ற சொல்லை முன்மொழிந்தார். பியாற்சிக்கு ‘விண்மீன் போன்றது’ பிடிக்கவில்லை. ‘பிளானெட்டாய்டு’, ‘காமெட்டாய்டு’ போன்றவை பொருத்தம் என்றார். பியாற்சியின் பெருமையைக் குறைக்கவே ஹெர்ஷல் கோள் என்ற பட்டத்தை மறுக்கிறார் என்ற பேச்சும் எழுந்தது. அந்த ஐயம் நியாயமற்றது என்பது என் கருத்து. ஹெர்ஷல் பெயரிட்டது தான் கண்ட தோற்றத்துக்கு மட்டுமே. அதற்கு மேல் எதையும் அச்சொல் உறுதி கூறவில்லை. பின்னால் வந்த கொள்கைகள் சரிந்தபோதும் அது நிலைத்ததற்கு இந்தச் சிக்கனமே காரணம் என்று கருதுகிறேன்.

ஆயினும் அது உடனே வேரூன்றவில்லை. 1804இல் ஜூனோ, 1807இல் வெஸ்டா என்று எண்ணிக்கை நான்கானபோது நான்கும் கோள்களாகவே பட்டியலிடப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு, செரஸுக்கு அரிவாள். 1845இல் அஸ்ட்ரேயா வந்தது. பின்னர் ஆண்டுதோறும் புதியவை பெருக, படக் குறியீடுகள் தாங்கவில்லை. 1850களின் தொடக்கத்தில் வட்டத்துக்குள் எண் இடும் முறை வந்தது. சென்னை வானாய்வகத்தில் நார்மன் போக்சன் 1861 ஏப்ரல் 17இல் கண்டுபிடித்ததற்குக் கிடைத்த எண் 67. ஆசியக் கண்டத்திலிருந்து முதலில் காணப்பட்டது என்பதால் அதற்கு ‘ஏஷியா’ என்றே பெயர். பதினாறு ஆண்டுகளில் ஐந்திலிருந்து அறுபத்தேழு. இதற்குப் பிறகு அவற்றைப் பெரிய கோள்களோடு ஒரே வரிசையில் வைப்பது இயலாதது. ‘சிறிய கோள்’ என்ற வழக்கு வலுப்பெற்றது இக்காலத்தில்தான். 1947இல் இவற்றின் பதிவுக்கென அமைந்த பன்னாட்டு மையமும் ‘மைனர் பிளானட்’ என்ற பெயரையே சூடியது.

மற்ற மொழிகளில் பல, ‘சிறிய கோள்’ என்னும் இந்த இரண்டாம் வழியைத் தேர்ந்தன. இந்தியில் ‘க்ஷுத்ரகிரகம்’, மராத்தியில் ‘லகுகிரகம்’, ஹங்கேரியனில் ‘கிஷ்போய்கோ’ எல்லாமே சிறிய கோள்தான். சீனமும் ஜப்பானியமும் எழுதும் சொற்களில் விண்மீனுக்கான எழுத்து இருக்கிறது. அதை வைத்து அவை கிரேக்கத்தைப் பின்பற்றின என்று முடிவுசெய்வது பிழையாகும். அம்மொழிகளில் கோளுக்கான சொல்லே ‘நகரும் விண்மீன்’, ‘அலையும் விண்மீன்’ என்று அமைந்தது. ஐஸ்லாந்தியத்தின் ‘ஸ்மௌஸ்டிர்ட்னி’யோ ‘சிறு விண்மீன்’ என்று பழைய தோற்றத்தைக் காப்பாற்றுகிறது. அரபியின் ‘குவைகிப்’ இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. ‘கவ்கப்’ என்பதன் குறுமை வடிவம் அது. மூலச்சொல் பழைய வழக்கில் விண்மீனையும் கோளையும் சேர்த்தே குறித்தது.

தெலுங்கும் மலையாளமும் வேறு பாதையில் போகின்றன. ‘கிரகசகலம்’ கோளின் துண்டு. ‘சின்னகிரகம்’ சிதைந்த கோள். செரஸும் பல்லாஸும் உடைந்த ஒரு பெருங்கோளின் சில்லுகளாக இருக்கலாம் என்று 1802இல் ஓல்பர்ஸ் முன்வைத்த கருதுகோளின் பொருளை இச்சொற்கள் சுமக்கின்றன. அந்தக் கருதுகோள் இன்று கைவிடப்பட்டது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே இவை சுற்றிவரும் பட்டையிலுள்ள அனைத்தையும் திரட்டினாலும் நம் நிலவின் நிறையில் சில விழுக்காடே தேறும். வியாழனின் ஈர்ப்பு அங்கே ஒரு கோள் உருவாகவே விடவில்லை என்பதே இன்றைய விளக்கம்.

தமிழ் ‘சிறுகோள்’ என்றது. சங்க இலக்கியம் நாண்மீன், கோண்மீன் என்று பிரித்ததில் வரும் அதே கோள்தான் இது. 2006இல் பிராகில் கூடிய பன்னாட்டு வானியல் ஒன்றியம் செரஸைப் புதிய வகையொன்றில் சேர்த்த பிறகு இச்சொல்லுக்கு நெருக்கடி வந்தது. அப்புது வகையைக் ‘குறுங்கோள்’ என்றும் ‘குள்ளக்கோள்’ என்றும் எழுதுகிறோம். செரஸ் குறுங்கோள், வெஸ்டா சிறுகோள் என்றால், சிறுமைக்கும் குறுமைக்கும் இடையே எது எல்லை என்று மாணவர் கேட்பது இயல்பு. விடை சொற்களில் இல்லை. தன் ஈர்ப்பால் ஏறத்தாழ உருண்டையாகும் அளவு நிறை உண்டா என்பதில் இருக்கிறது. ‘குள்ளக்கோள்’ குழப்பத்தைக் குறைக்கும் என்பதால், பாடநூல்கள் அதையே சீராகக் கையாள வேண்டும் என்பது என் பரிந்துரை.