கண்திட்டமும் ஆழாக்கும்

கல்யாணச் சமையல்காரர்களுக்கு வீட்டுச் சமையல் என்றால் எப்போதுமே ஓர் இளக்காரம். என் பெரியப்பா கும்பகோணம் பக்கத்தில் கோட்டை அடுப்பு போட்டுச் சமைத்தவர். "வீட்டுல நாலு பேருக்கு யாரு வேணா வைக்கலாம், ஐந்நூறு இலைக்கு வெச்சுக் காட்டட்டும்" என்பார். அதில் நியாயம் உண்டு. பத்துப் பேர் சாம்பாரை ஐம்பதால் பெருக்கினால் ஐந்நூறு பேர் சாம்பார் ஆகிவிடாது. அண்டாவில் தண்ணீர் லேசில் சுண்டாது. இறக்கிய பிறகும் சூடு அடங்காமல் காய் குழைந்துகொண்டே இருக்கும். அதனால் காய் முழுக்க வேகுமுன்பே விறகை இழுத்துவிடுவார். உப்பிலும் கை இழுத்துப் பிடித்தே இருக்கும்.

ஆனால் நளபாகம், பீமபாகம் என்று புகழையெல்லாம் ஆண்களுக்கே கொடுத்துவிட்டோமே, அதை என்னால் ஒப்ப முடியவில்லை. ஈயச்சொம்பில் ரசம் வைப்பதைப் பாருங்கள். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். வெறும் சொம்பை அடுப்பில் ஏற்றினால் அடி இளகிப் பாத்திரமே போய்விடும். புளித்தண்ணீரை விட்ட பிறகுதான் ஏற்ற வேண்டும். நுரை கட்டி வரும்போதே இறக்கிவிட வேண்டும். தாளிப்பை இரும்புக் கரண்டியில் தனியாகச் செய்து கொட்ட வேண்டும். இதைத் தினமும் செய்த பாட்டிமார் தொழில் தெரிந்தவர்கள் இல்லையா? குறை ஒன்றுதான். எவ்வளவு என்று கேட்டால், "கண்திட்டம்தான்டி" என்பார்கள். அந்தக் கண் மூடினால் ரசமும் போயிற்று.

அந்தக் குறையைத் தீர்த்தவர் எஸ். மீனாட்சி அம்மாள். இளம் வயதிலேயே கணவரை இழந்து குடும்பத்தைத் தாங்கியவர். செய்முறை கேட்டு உறவுக்காரர்கள் ஓயாமல் கடிதம் போட, உறவினர் கே.வி. கிருஷ்ணசாமி ஐயர் புத்தகமாகவே எழுதிவிடச் சொன்னார். 1951-ல் 'சமைத்துப் பார்' வெளிவந்தது. எட்டு ஆழாக்கு ஒரு படி என்ற அந்தக் காலக் கணக்கில் எல்லாவற்றுக்கும் அளவு சொன்னார். கல்யாணச் சீரோடு அந்தப் புத்தகமும் போனது. மாமியார் பக்கத்தில் இல்லாத டெல்லியிலும் அமெரிக்காவிலும் புதுப்பெண்கள் அதைப் பார்த்தே உலை வைத்தார்கள். என்றைக்கு வைத்தாலும் ஒரே பக்குவம் என்பதுதான் தொழில்காரரின் பெருமை. அதை வீட்டு அடுப்புக்குக் கொண்டுவந்தவர் அந்த அம்மாள். என் கணக்கில் எந்தச் சமையல் சக்கரவர்த்தியும் அவருக்குப் பின்னால்தான்.

உங்கள் வீட்டிலும் கண்திட்டமாகச் சமைக்கும் பெரியவர் ஒருவர் இருப்பார். அவர் அள்ளும் பருப்பைப் பானையில் போடுமுன் ஒரு கிண்ணத்தில் வாங்கி, அளந்து எழுதி வையுங்கள்.