பெட்டித்தொகுப்பு (இசை வெளியீடு)

ஒரு கலைஞரின் அல்லது ஓர் ஆல்பத்தின் ஒலிப்பதிவுகளைப் பல இசைத்தட்டுகளிலோ சிடிக்களிலோ திரட்டி, விளக்க நூலுடன் ஒரே பெட்டியில் வெளியிடுவது பெட்டித்தொகுப்பு எனப்படும். இசை வணிகத்தில் இதற்கு ‘பாக்ஸ் செட்’ என்று பெயர். பழைய ஆல்பம் ஒன்றின் ஒலியைப் புதுப்பித்து, அதன் டெமோக்கள், கைவிடப்பட்ட டேக்குகள், அக்கால மேடைப் பதிவுகள் ஆகியவற்றைச் சேர்த்து ‘டீலக்ஸ்’, ‘சூப்பர் டீலக்ஸ்’ என்ற பெயர்களில் மீண்டும் வெளியிடுவதே இன்று இதன் பெருவழக்கு.

இதை வாங்குபவர் பெரும்பாலும் அந்த ஆல்பத்தை முன்பே வைத்திருப்பவர். இருபது, முப்பது ஆண்டுகளாகக் கேட்டுக் கேட்டு அதன் ஒவ்வொரு நொடியையும் மனப்பாடமாக அறிந்தவர். அவருக்குக் கிடைக்கும் மகிழ்ச்சி, ஏற்படும் மனக்குறை இரண்டுக்கும் ஊற்று அந்த அறிவுதான். பெட்டித்தொகுப்பு கடந்த நாற்பது ஆண்டுகளில் கண்ட மேம்பாடுகளில் பல, ரசிகர்கள் விடாமல் வலியுறுத்தியதால் வந்தவை.

தொடக்கம்

நிமிடத்துக்கு 78 சுற்று சுழன்ற பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் நான்கைந்து நிமிட இசையே அடங்கியது. நீண்ட படைப்புகளைப் பல தட்டுகளாகப் பிரித்துத்தான் விற்க முடிந்தது. 1909இல் ஓடியன் நிறுவனம் சைக்காவ்ஸ்கியின் ‘நட்கிராக்கர்’ இசைத்தொடரை இருபுறமும் ஒலிக்கும் நான்கு தட்டுகளாக வெளியிட்டது. பின்னர் தடித்த உறைகளைப் புத்தகம்போல் தைத்து, பக்கத்துக்கு ஒரு தட்டாகச் செருகி விற்கும் வழக்கம் பரவியது. 1930களில் ஹெச்.எம்.வி. நிறுவனம் முன்பணம் கட்டிய சந்தாதாரர்களை நம்பி, பியானோ மேதை ஆர்தர் ஷ்னாபெல் வாசித்த பீத்தோவனின் 32 சொனாட்டாக்களையும் தொகுதி தொகுதியாகக் கொண்டுவந்தது. தீவிர ரசிகரின் பணத்தைக் கொண்டே பெரிய தொகுப்பை உருவாக்கும் முறைக்கு இது முன்னோடி.

1948இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் எல்பி தட்டை அறிமுகப்படுத்தியது. ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் இசை அடங்கியதால் முழு ஓபெராவும் சில தட்டுகளில் முடிந்தது. தட்டுகளோடு பாடல் வரிகள் அச்சிட்ட நூலும் பெட்டிக்குள் வந்தது. வாக்னரின் ‘ரிங்’ தொடரின் நான்கு ஓபெராக்களையும் 1958 முதல் 1965 வரை வியன்னாவில் டெக்கா நிறுவனம் பதிவு செய்தது. ஜார்ஜ் ஷோல்ட்டி நடத்த, ஜான் கல்ஷா தயாரித்த அந்தப் பதிவு செவ்வியல் இசைப் பெட்டிகளின் உச்சமாக இன்றும் மதிக்கப்படுகிறது.

ராக் இசையில் பெட்டி சற்றுத் தாமதமாகவே நுழைந்தது. ஜார்ஜ் ஹாரிசன் 1970இல் ‘ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்’ ஆல்பத்தை மூன்று எல்பிக்களாகப் பெட்டியில் வெளியிட்டார். அதற்கு அடுத்த ஆண்டு வந்த எல்விஸ் பிரெஸ்லி தொகுப்பு ஒன்றில் அவர் உடையிலிருந்து வெட்டிய துணித்துண்டு வைக்கப்பட்டிருந்தது. இசைக்குத் தொடர்பில்லாத நினைவுப்பொருளைப் பெட்டியில் வைக்கும் பழக்கம் அப்போதே வந்துவிட்டது.

சிடி காலமும் 1985இன் திருப்பமும்

1982இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த சிடி, இசை நிறுவனங்களின் பழைய சரக்குக்குப் புதிய விலை பெற்றுத்தந்தது. 1985இல் பாப் டிலனின் ‘பயோகிராஃப்’ வெளியானது. ஐந்து எல்பி அல்லது மூன்று சிடி, 53 பாடல்கள். புகழ்பெற்ற பாடல்களுக்கு நடுவே அதுவரை வெளிவராதவையும் கலந்திருந்தன. அவற்றைப் பற்றி டிலனே பேசிய குறிப்புகளும் இருந்தன. பெரும் வரவேற்புப் பெற்ற இந்தத் தொகுப்பே பிற்கால ராக் பெட்டிகளுக்கு இலக்கணம் வகுத்தது. 1986இல் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் மேடைப் பதிவுப் பெட்டி வெளியான உடனே அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. எரிக் கிளாப்டனின் ‘கிராஸ்ரோட்ஸ்’ 1988இலும், ஜிம்மி பேஜ் தாமே ஒலியைச் செப்பனிட்ட லெட் செப்பெலின் தொகுப்பு 1990இலும் வந்தன.

அதே 1990இல், 1936–37இல் டெக்சஸில் பதிவு செய்துவிட்டு மறு ஆண்டே இறந்துபோன புளூஸ் கலைஞர் ராபர்ட் ஜான்சனின் 41 பதிவுகளும் இரண்டு சிடிக்களில் வெளியாயின. வாழ்ந்த காலத்தில் பெரும்பாலோர் அறிந்திராத ஒருவரின் குரல் அரை நூற்றாண்டு கழித்து வீடு வீடாகச் சென்றது. ஜாஸ் துறையில் மைக்கேல் கஸ்கூனாவும் சார்லி லூரியும் தொடங்கிய மொசைக் நிறுவனம், குறைந்த எண்ணிக்கையில் அச்சிட்டு அஞ்சல் வழியாக மட்டுமே விற்ற முழுத்தொகுப்புகளால் நற்பெயர் பெற்றது.

திருட்டுப் பதிவுகள் தந்த பாடம்

டிலனின் வெளிவராத பாடல்களைக் கொண்ட ‘கிரேட் ஒயிட் ஒண்டர்’ என்ற திருட்டு எல்பி 1969இல் அமெரிக்காவில் புழங்கியது. ராக் உலகின் முதல் பெரிய பூட்லெக் என்று அது கருதப்படுகிறது. நிறுவனம் பூட்டி வைத்ததை ரசிகர் எப்படியாவது தேடிக் கேட்பார் என்பது அப்போதே தெளிவானது. ஆயினும் 1991இல்தான் கொலம்பியா நிறுவனம் ‘பூட்லெக் சீரிஸ்’ என்ற பெயரிலேயே டிலனின் காப்பகத்தைத் திறந்தது. இன்றுவரை தொடரும் அந்த வரிசை, ரசிகரின் ஆர்வத்தை நிறுவனம் மதித்ததற்கு நல்ல சான்று.

பீச் பாய்ஸ் குழுவின் ‘ஸ்மைல்’ இதைவிட நீண்ட காத்திருப்பு. பிரையன் வில்சன் 1967இல் பாதியில் கைவிட்ட அந்த ஆல்பத்தின் துண்டுகளை ரசிகர்கள் பூட்லெக்குகளில் தேடி எடுத்து, தாங்களே வரிசைப்படுத்திப் பார்த்துவந்தார்கள். 2011இல் அந்த ஒலிப்பதிவு அமர்வுகள் ஐந்து சிடிக்களாக முறைப்படி வெளியாகி, சிறந்த வரலாற்று ஆல்பத்துக்கான கிராமி விருதையும் பெற்றன.

தேர்ந்தெடுத்தவையிலிருந்து முழுமைக்கு

தொடக்கப் பெட்டிகள் சிறந்தவற்றைப் பொறுக்கித் தந்தன. அடுத்த தலைமுறைப் பெட்டிகள் எதையும் விடாமல் தர முயன்றன. 2015இல் வந்த டிலனின் ‘தி கட்டிங் எட்ஜ்’ இதன் எல்லை. அதன் மிகப் பெரிய பதிப்பில் 18 சிடிக்கள். 1965, 1966 ஆண்டுகளின் ஸ்டுடியோ அமர்வுகள் முழுவதும் அதில் இருந்தன. 5,000 பிரதிகள் மட்டுமே அச்சான அதன் விலை ஏறத்தாழ 600 டாலர். ஆறு சிடி பதிப்பு ஒன்றும் உடன் வந்தது.

அந்த ஆறில் ஒரு சிடி முழுவதும் ‘லைக் எ ரோலிங் ஸ்டோன்’ என்ற ஒரே பாட்டு. 1965 ஜூன் 15 அன்று அது வால்ட்ஸ் நடையில், மூன்று எண்ணிக்கைத் தாளத்தில் தடுமாறித் தொடங்குகிறது. மறுநாள் நடை மாறுகிறது. கிதார் கலைஞரான அல் கூப்பர், பழக்கமில்லாத ஆர்கனின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். நான்காவது டேக்கில் எல்லாம் கூடிவருகிறது. உலகம் அறிந்த பதிவு அதுதான். ஆனால் அறையில் இருந்தவர்களுக்கு அது உறுதியாகத் தெரியவில்லை. மேலும் பல முறை வாசித்துப் பார்க்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை நடுவிலேயே நின்றுபோகின்றன. ஒரு பாட்டு பிறப்பதற்குள் எத்தனை வழிகள் அடைபட்டன என்பதை எந்த இசை விமரிசனமும் இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை. முழுமை வேண்டும் என்று ரசிகர் கேட்பதன் நியாயத்தை உணர இந்த ஒரு சிடி போதும்.

பில் எவன்ஸ் மூவர் குழு 1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்டில் வாசித்ததை முழுவதுமாகத் தரும் தொகுப்பும் இத்தகையது. முதல் உருப்படியின் நடுவே மின்சாரம் போய்ப் பதிவு அறுபடுகிறது. அந்தக் குறையையும் வெட்டாமல் வைத்திருக்கிறார்கள். பேஸ் வாசித்த ஸ்காட் லாஃபாரோ இரண்டு வாரம் ஆவதற்குள் கார் விபத்தில் இறந்துவிட்டார். அவர் கை பட்ட ஒரு நொடியும் வீணாகக்கூடாது என்று கேட்பவருக்கு இந்த முழுமையின் அருமை புரியும்.

சட்டத்தின் பங்கு

ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் ஒலிப்பதிவுகளின் உரிமைக் காலத்தை 50இலிருந்து 70 ஆண்டுகளாக நீட்டித்தது. ஆனால் 50 ஆண்டுகளுக்குள் வெளியாகாத பதிவுக்கு அந்த நீட்டிப்பு கிடையாது. ஆகவே 2012 டிசம்பரில் டிலனின் 1962ஆம் ஆண்டுப் பதிவுகள் சுமார் நூறு பிரதிகள் மட்டும் ஐரோப்பாவில் வெளியிடப்பட்டன. 2013 டிசம்பரில் பீட்டில்ஸின் 59 பதிவுகள் இணையக் கடையில் மட்டும் விற்பனைக்கு வந்தன. பதிவுகள் வெளிவந்தது மகிழ்ச்சி. அவை உரிமையைக் காக்க மட்டுமே, பெரும்பாலோர் கையில் கிடைக்காதபடி வந்தது வருத்தம்.

ரசிகர்களின் மனக்குறைகள்

முதல் குறை, வாங்கியதையே மீண்டும் வாங்க வைப்பது. ஸ்பிரிங்ஸ்டீன் 1998இல் நான்கு சிடிக்களில் ‘டிராக்ஸ்’ பெட்டியை வெளியிட்டார். ரசிகர்கள் பல ஆண்டுகளாக வேண்டிவந்த ‘தி பிராமிஸ்’ பாடல் அதில் இல்லை. மறு ஆண்டு ‘18 டிராக்ஸ்’ என்ற சுருக்கத் தொகுப்பு வந்தது. அதில் ‘தி பிராமிஸ்’ உட்படப் பெட்டியில் இல்லாத மூன்று பாடல்கள். பெரிய பெட்டிக்குப் பணம் கொடுத்தவரே அந்த மூன்றுக்காக மறுபடியும் செலவழிக்க வேண்டியதாயிற்று. பிங்க் ஃபிலாய்டின் ‘தி எர்லி இயர்ஸ்’ 2016இல் 27 தட்டுகளோடு வந்தபோது, காணொளிகள் டிவிடியிலும் புளூரேயிலும் இரண்டு முறை இடம்பெற்று, எண்ணிக்கையும் விலையும் ஏறியிருந்தன.

இரண்டாவது, இசையல்லாத பொருட்கள். பிங்க் ஃபிலாய்டின் ‘டார்க் சைட் ஆஃப் தி மூன்’ ஆல்பத்தின் 2011ஆம் ஆண்டுப் பெட்டியில் கழுத்துத் துண்டு, கோலிக்குண்டுகள், கோப்பைத் தாங்கிகள் ஆகியன இருந்தன. விலையில் ஒரு பகுதி இவற்றுக்குப் போவதை ரசிகர்கள் கடுமையாக விமரிசித்தார்கள். எல்லா இணைப்பும் வீண் என்று சொல்லிவிட முடியாது. ஸ்பிரிங்ஸ்டீனின் ‘டார்க்னெஸ் ஆன் தி எட்ஜ் ஆஃப் டவுன்’ ஆல்பத்துக்காக 2010இல் வந்த பெட்டி, அவர் பாடல்களை எழுதி அடித்துத் திருத்திய சுருள்கம்பி நோட்டின் நகலாகவே அமைந்தது. பாட்டு உருவான விதத்தைக் காட்டியதால் அதை ரசிகர்கள் போற்றினார்கள்.

மூன்றாவதும் ஆழமானதும், பழைய ஒலியைச் சிதைப்பது. 1987இல் இசட்.இசட். டாப் குழுவின் பழைய ஆல்பங்கள் ‘சிக்ஸ் பேக்’ தொகுப்பாக வந்தபோது, எழுபதுகளின் டிரம்ஸ் ஒலி எண்பதுகளின் பாணிக்கு மாற்றப்பட்டிருந்தது. பழைய மிக்ஸ்கள் (ஒலிக்கலவைகள்) முழுமையாகச் சிடியில் திரும்பி வர 2013 ஆயிற்று. ஓஸி ஆஸ்போர்னின் முதல் இரண்டு ஆல்பங்களின் 2002ஆம் ஆண்டு மறுபதிப்பில், பாப் டெய்ஸ்லியின் பேஸும் லீ கெர்ஸ்லேக்கின் டிரம்ஸும் நீக்கப்பட்டு வேறு கலைஞர்களின் வாசிப்பு சேர்க்கப்பட்டது. எதிர்ப்புக்குப் பின் 2011 பதிப்பில் மூல வாசிப்பு திரும்பியது. ‘ரா பவர்’ ஆல்பத்தை இகி பாப் 1997இல் காது வலிக்கும் அளவுக்கு உரத்த ஒலியில் மறுமிக்ஸ் செய்தார். அந்த ஆல்பத்துக்கு டேவிட் போவி முன்பு செய்திருந்த மிக்ஸ் 2010இல் மீண்டும் கிடைத்தது. ஒலி ஏற்ற இறக்கத்தை நசுக்கிச் சத்தத்தைக் கூட்டும் போக்கை எதிர்த்துப் பேசியவர்களில் முதன்மையானோர் மறுபதிப்பு வாங்கும் ரசிகர்களே.

இவை தவிர, அன்றாட எரிச்சல்களும் உண்டு. இறுக்கமான அட்டை உறையிலிருந்து உருவும்போதே கீறல் விழும் சிடி, புதிய பெட்டியிலேயே பிசின் கறை படிந்து வரும் தட்டு, எந்த மூல நாடாவிலிருந்து எடுத்தது என்று சொல்லாத குறிப்பேடு, வெளியான சில நாளிலேயே தீர்ந்து மறுவிற்பனையில் பலமடங்கு விலைக்கு ஏறும் பெட்டி ஆகியவை அடிக்கடி கேட்கும் புகார்கள். மூலம் குறித்த ஒளிவுமறைவு சட்டச் சிக்கலாகவும் வளர்ந்தது. மொபைல் ஃபிடிலிட்டி நிறுவனம் தன் உயர்விலை எல்பிக்களின் தயாரிப்பில் டிஜிட்டல் கட்டம் இருந்ததை 2022இல் ஒப்புக்கொண்டது. அது வழக்காகி 2.5 கோடி டாலர் சமரசத்துக்குச் சென்றது.

மகிழ்ச்சிகள்

ரீப்ளேஸ்மென்ட்ஸ் குழுவின் ‘டிம்’ ஆல்பம் 1985இல் வந்தபோதே பாடல்கள் புகழப்பட்டன. ஆனால் மெலிந்து, சேய்மையில் ஒலிக்கும் மிக்ஸ் குறையாகவே நின்றது. 2023 பெட்டியில் எட் ஸ்டேசியம் செய்த புதிய மிக்ஸில் டிரம்ஸும் பேஸும் உயிர்பெற்றன. முப்பத்தெட்டு ஆண்டு மனக்குறை ஒன்று இவ்வாறு தீர்ந்தது. பழைய மிக்ஸும் செப்பனிடப்பட்டு அதே பெட்டியில் இருந்ததால் எவரும் எதையும் இழக்கவில்லை.

ஸ்டீவன் வில்சன் 2009 முதல் கிங் கிரிம்சன் ஆல்பங்களுக்கும், பின்னர் ஜெத்ரோ டல் ஆல்பங்களுக்கும் செய்த மறுமிக்ஸ்கள் பெரும்பாலும் பாராட்டையே பெற்றன. பழைய பதிவின் இயல்பைக் காத்து, கருவிகளைத் தெளிவாக்குவது அவர் முறை. ஜெத்ரோ டல் பதிப்புகள் கெட்டி அட்டைப் புத்தக வடிவில், விரிவான கட்டுரைகளோடு, நியாய விலைக்கு வந்ததால் முன்மாதிரியாகக் காட்டப்படுகின்றன.

பீட்டில்ஸின் ‘ஒயிட் ஆல்பம்’ 2018 பெட்டியில், 1968இல் ஈஷரிலுள்ள ஜார்ஜ் ஹாரிசன் வீட்டில் எளிய கிதார்களோடு பதிந்த 27 டெமோக்கள் தெளிவான ஒலியில் இடம்பெற்றன. 2022இல் ‘ரிவால்வர்’ ஆல்பத்துக்கு, திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் குழு உருவாக்கிய மென்பொருள் ஒரே தடத்தில் கலந்துகிடந்த கருவிகளைத் தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்தது. அதைக் கொண்டு தயாரிப்பாளர் ஜைல்ஸ் மார்ட்டின் புதிய ஸ்டீரியோ மிக்ஸ் செய்தார். பிரின்ஸ் மறைந்த பின் 2020இல் வந்த ‘சைன் ஓ தி டைம்ஸ்’ பெட்டி அவர் காப்பகத்திலிருந்து 63 வெளிவராத பதிவுகளைத் தந்தது.

இன்றைய நிலையும் மதிப்பும்

இணையவழி ஒலிபரப்பில் ஏறத்தாழ எல்லா ஆல்பங்களும் கிடைக்கும் இக்காலத்தில், தட்டுக்குப் பணம் கொடுப்பவர் தீவிர ரசிகரே. அதனால் பெட்டிகள் பெரிதாகின்றன, விலையும் ஏறுகிறது. சரவுண்ட் மிக்ஸ் போன்றவை விலையுயர்ந்த பதிப்பில் மட்டுமே வைக்கப்படுவது இன்றைய பெரும் மனக்குறை.

ஆனாலும் இப்பணியின் அவசியத்தை 2008 ஜூன் 1 அன்று ஹாலிவுட் யுனிவர்சல் வளாகத்தில் நேர்ந்த தீ விபத்து உணர்த்தியது. அங்கே மூல நாடாக்கள் பெருமளவில் எரிந்துபோனதை நியூயார்க் டைம்ஸ் 2019இல் வெளிக்கொணர்ந்தது. நாடா அழிந்தபின் ரசிகரிடம் எஞ்சுவது வெளியிடப்பட்டவை மட்டுமே. எனவே நேர்மையான பெட்டித்தொகுப்பு ஒவ்வொன்றும் பாதுகாப்புப் பணியும் ஆகும். மூல மிக்ஸை மாற்றாமல் வைத்தல், புதியதை அதனருகே தருதல், எந்த நாடா என்று சொல்லுதல், கீறாத உறையில் தட்டை வைத்தல், பெரிய பெட்டியை வாங்க இயலாதவருக்கு இசையை மட்டும் தனியே விற்றல் ஆகிய ஐந்தையும் ரசிகர்கள் நெடுங்காலமாகக் கேட்டுவருகிறார்கள். இவற்றை நிறைவேற்றிய தொகுப்புகளே காலம் கடந்தும் தேடி வாங்கப்படுகின்றன.