ஜிஃரானாவில் நடந்த பங்கீடு

கடை நடத்துவோரும் தொழில் நடத்துவோரும் நம் சமூகத்தில் நிறைய உண்டு. அவர்களுள் பலர் சொல்லும் குறை ஒன்று இருக்கிறது. சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்தாலும் வேலையாட்கள் மனம் ஒன்றி உழைப்பதில்லை என்பார்கள். நீண்ட காலம் கூடவே இருந்தவர்கூட, புதிதாய் வந்தவருக்குக் கிடைத்தது தமக்குக் கிடைக்கவில்லை என்று முகம் வாடி விலகிவிடுகிறார். அவரை வாட்டுவது அந்தத் தொகை மட்டும்தானா? ஹிஜ்ரி 8ஆம் ஆண்டில், மக்காவுக்கு அருகிலுள்ள ஜிஃரானாவில் நடந்த ஒரு நிகழ்வு இக்கேள்விக்குத் தெளிவான விடை தருகிறது.

அவ்வாண்டு ரமளானில் மக்கா வெற்றி கொள்ளப்பட்டது. அடுத்த மாதமே ஹுனைன் போர் மூண்டது. மதீனாவிலிருந்து வந்த பத்தாயிரம் பேரும் மக்காவாசிகள் இரண்டாயிரம் பேரும் நபி (ஸல்) அவர்களுடன் புறப்பட்டனர். ஹவாஸின் கூட்டத்தார் திடீரெனத் தாக்கியதில் படை சிதறியது. அப்போது அப்பாஸ் (ரலி) அவர்கள் உரத்த குரலில் அழைக்க, திரும்பி ஓடி வந்தவர்களுள் முன்னணியில் நின்றவர்கள் அன்ஸார்கள். வெற்றிக்குப் பின் 24,000 ஒட்டகங்களும் 40,000க்கும் மேற்பட்ட ஆடுகளும் கிடைத்தன என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர்.

ஜிஃரானாவில் நபி (ஸல்) அவர்கள் குறைஷித் தலைவர்களுக்கும் பிற கூட்டத் தலைவர்களுக்கும் வாரி வழங்கினார்கள். அபூஸுஃப்யானுக்கு நூறு ஒட்டகங்கள் கிடைத்தன. அதுவரை இஸ்லாத்தை ஏற்காதிருந்த ஸஃப்வான் பின் உமய்யாவுக்கு நூறும், மேலும் நூறும், பின்னர் இன்னும் ஒரு நூறும் கிடைத்தன. முன்பு தமக்கு மிக வெறுப்பானவராக இருந்த நபியவர்கள், அவ்வாறு கொடுத்துக் கொடுத்தே தமக்கு மிகப் பிரியமானவராக ஆகிவிட்டார்கள் என்று ஸஃப்வான் பின்னாளில் கூறினார். அவர்கள் அந்நாள்வரை தலைமையிலும் செல்வத்திலும் மதிப்பைக் கண்டவர்கள். அவர்களின் உள்ளத்துக்குச் செல்லும் வழி அதுவாகவே இருந்தது.

அந்தக் கொடைகளில் அன்ஸார்களுக்கு எதுவும் வழங்கப்படவில்லை. இக்கட்டு வந்தால் நம்மை அழைக்கிறார்கள், செல்வம் வந்தால் மற்றவருக்குக் கொடுக்கிறார்கள் என்று அவர்களுள் இளைஞர் சிலர் பேசத் தொடங்கினர். ஸஅத் பின் உபாதா (ரலி) அவர்கள் அதை மறைக்காமல் நபியவர்களிடம் தெரிவித்தார்கள். இதில் உம்முடைய நிலை என்ன என்று நபியவர்கள் வினவியபோது, நானும் என் சமூகத்தில் ஒருவன்தானே என்று விடையளித்தார்கள்.

நபி (ஸல்) அவர்கள் கோபம் கொள்ளவில்லை. அன்ஸார்களை மட்டும் ஓரிடத்தில் கூட்டச் செய்து, தாமே அங்கு சென்றார்கள். அல்லாஹ் தம் மூலமாக அவர்களுக்குச் செய்த அருள்களை முதலில் நினைவூட்டினார்கள். பின்னர், அன்ஸார்கள் சொல்ல வாய்ப்பிருந்தும் அடக்கத்தால் சொல்லாமல் விட்டதைத் தாமே எடுத்துரைத்தார்கள். ஊர் பொய்ப்பித்தபோது நம்பியதையும், துணையின்றி வந்தபோது உதவியதையும், விரட்டப்பட்டபோது இடமளித்ததையும் அவர்கள் கூறினால் அது உண்மையே என்றார்கள். இறுதியாக, மக்கள் ஆடுகளோடும் ஒட்டகங்களோடும் வீடு திரும்ப, நீங்கள் அல்லாஹ்வின் தூதரோடு திரும்புவது உங்களுக்குப் போதாதா என்று கேட்டார்கள். தாடி நனையுமளவு அழுத அன்ஸார்கள், இந்தப் பங்கே எங்களுக்குப் போதும் என்றார்கள்.

இங்கே ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். மக்கா கைவசமானதும் நபியவர்கள் தம் சொந்த ஊரிலேயே தங்கிவிடுவார்களோ என்ற அச்சம் அன்ஸார்களின் பேச்சில் முன்பே வெளிப்பட்டிருந்தது. அவர்கள் வாய்விட்டுச் சொன்ன குறை ஒட்டகங்களைப் பற்றியது. நெஞ்சை அரித்ததோ, இனி நாம் அவர்களுக்கு வேண்டாதவர்களாகி விட்டோமோ என்ற ஐயம். நபியவர்கள் அந்த ஐயத்துக்கே விடையளித்தார்கள். அது வெறும் ஆறுதல் வார்த்தையாகவும் நின்றுவிடவில்லை. மதீனாவுக்கே திரும்பினார்கள், அங்கேயே வாழ்ந்தார்கள், ஹிஜ்ரி 11இல் அங்கேயே மறைந்தார்கள். இறுதி நோயின்போதும் அன்ஸார்களிடம் நன்முறையில் நடந்துகொள்ளுமாறு மக்களுக்கு அறிவுறுத்தினார்கள்.

மாலிக் பின் ஹுவைரிஸ் (ரலி) அவர்களின் செய்தியும் இத்தகையதே. சம வயது இளைஞர்கள் சிலரோடு அவர் மதீனாவில் இருபது நாட்கள் தங்கிக் கற்றார். அவர்களுக்குக் குடும்ப நினைவு வந்துவிட்டதை நபியவர்கள் தாமே உணர்ந்து, வீட்டில் யார் யாரை விட்டு வந்தீர்கள் என்று விசாரித்து, ஊருக்குச் சென்று கற்றதைக் கற்பிக்குமாறு அனுப்பிவைத்தார்கள்.

நபித்தோழர்கள் கூலிக்கு உழைத்தவர்கள் அல்லர். எனினும் மனிதரை அறிந்து நடத்தும் முறையை இந்நிகழ்வுகளிலிருந்து முதலாளிகளாகிய நாம் கற்கலாம். ஒருவருக்குப் பணம் உடனடித் தேவையாக இருக்கும். இன்னொருவருக்கு மகளின் திருமணத்துக்குப் பத்து நாள் விடுப்பு பெரிதாக இருக்கும். வேறொருவர், கடை சிறியதாக இருந்த காலத்தில் தாம் தோள் கொடுத்ததை முதலாளி நாலு பேர் முன்னால் ஒருமுறை சொல்லமாட்டாரா என்று காத்திருப்பார். கேட்டால்தான் தெரியும். குறையைக் கொண்டுவருபவரைக் கோள் சொல்பவராகக் கருதாதிருந்தால்தான் கேட்கவும் முடியும்.

ஒரு எச்சரிக்கையும் தேவை. அன்பான வார்த்தை, உரிய கூலிக்கு ஈடாகாது. உழைப்பவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடுமாறு நமக்குக் கட்டளையிடப்பட்டுள்ளது. அன்ஸார்களின் வரலாற்றைச் சொல்லி, ஊழியரின் சம்பளத்தைப் பிடித்து வைக்க எவருக்கும் உரிமையில்லை. கூலி அவருடைய ஹக்கு. அதைக் கொடுத்த பின்னரே, அவருடைய உள்ளத்தை அறிவதைப் பற்றி நாம் பேசலாம்.

நம்மை நம்பி உழைப்போரின் ஹக்கையும் மனத்தையும் பேணி நடக்க அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக.