வெறுமுள்: கெண்டைத் தூண்டிலின் ஒரு சிறு வரலாறு

பத்துப்பாட்டுள் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில் ஒரு வாளைமீன் வருகிறது. பாண்மகன் ஒருவன் நீண்ட மூங்கிற்கோலில் நாண் கட்டி, வளைந்த வாயுடைய இரும்பு முள்ளில் இரையைப் பொதிந்து கயத்தில் இட்டிருக்கிறான். வாளை இரையை மட்டும் கவ்விக்கொண்டு தப்பிவிடுகிறது. முள் வெறுமையாய் நிற்கிறது. அதன்பின் அம்மீன், கரையோரப் பிரம்பின் நிழல் நீரில் நடுங்குவதைக் கண்டாலும் தூண்டிற்கோல் என்று எண்ணி அஞ்சுகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இதைச் சில அடிகளில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

வகுப்பில் இப்பகுதியை நடத்தும்போது, நீர்வளம் காட்ட வந்த கற்பனை, மீனுக்கு மனிதமனம் ஏற்றிச் சொன்ன நயம் என்று சொல்லி நாமும் நகர்ந்துவிடுவதே வழக்கம். பல ஆண்டுகள் அப்படித்தான் சொல்லி வந்தோம். பிறகுதான், 1970ஆம் ஆண்டு நெதர்லாந்து ஆய்வாளர் பேகெமா கெண்டை மீன்களை வைத்துச் செய்த தூண்டிற் சோதனைகளைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. குளங்களில் விடப்பட்ட கெண்டைகளைத் தூண்டிலில் பிடித்து, அடையாளமிட்டு, மீண்டும் விட்டுப் பார்த்திருக்கிறார். ஒருமுறை முள் தைத்த கெண்டை மறுமுறை எளிதில் அகப்படவில்லை. ஒரே அனுபவம் போதுமானதாக இருந்தது. அந்த எச்சரிக்கை நெடுநாள் நீடித்தது. உருத்திரங்கண்ணனாரின் மீன் வாளை, பேகெமாவின் மீன் கெண்டை. இரண்டும் வேறு இனம். ஆனால் புலவர் கரையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார் என்பதில் நமக்கு ஐயமில்லை. முள்ளை மறந்துபோகாத மீனை எப்படிப் பிடிப்பது என்பதுதான் அன்றுமுதல் தூண்டிற்காரனின் கேள்வி.

தூண்டுவதால் தூண்டில். வலை வளைக்கிறது, ஊத்தா கவிழ்த்து மூடுகிறது. தூண்டில் ஒன்றுதான் மீனைத் தானாக முடிவெடுக்க விடுகிறது. ஆகவே அதன் வரலாறு மீனின் மனத்தை மனிதன் ஊகித்த வரலாறாகவும் இருக்கிறது.

விருதுநகர் மாவட்டத்தில் இருந்துகொண்டு மீன்பற்றி எழுதுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். கரிசலும் கந்தகமும் என்றே வெளியூரார் நம்மை அறிவர். ஆனால் மழை பெய்த ஆண்டுகளில் இங்கே நீருக்குக் குறைவில்லை. பிளவக்கல், வெம்பக்கோட்டை, கோல்வார்பட்டி, ஆனைக்குட்டம், குல்லூர்சந்தை அணைகள் இருக்கின்றன. அவற்றைச் சூழ எண்ணற்ற கண்மாய்கள். பெரும்பாலான கண்மாய்களில் மீன்பாசி குத்தகைக்குப் போய்விடும். குத்தகைக்காரர் கண்டும் காணாமல் விடுகிற கரைகளில், ஞாயிற்றுக்கிழமைகளில், சீமைக்கருவேல நிழலில் தூண்டிற்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். வாரம் முழுவதும் பட்டாசுக் கட்டிலும் தீப்பெட்டிக் கட்டிலும் கைகளை வருத்தியவர்கள் அவர்களில் அதிகம். நிழல் பார்த்து உட்காரும் கூட்டத்தில் நாங்கள் இரண்டு மூன்று ஆசிரியர்களும் உண்டு.

அவர்கள் எதிர்பார்த்திருக்கும் மீன் கெண்டை. பாண்டியரின் இணைக்கயல் நாடு இது. சேலும் கயலும் கெண்டையும் கண்ணுக்கு உவமையாகிச் சலித்த நாடு. எனினும் இன்று இக்கண்மாய்களில் கிடைக்கும் பெரிய கெண்டை எதுவும் பாண்டியர் கண்டதன்று. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கங்கைச் சமவெளி ஆறுகளின் பிள்ளைகள். தேங்கிய குளத்தில் இவை முட்டையிடா. ஆற்று வெள்ளத்தில் மீன்குஞ்சுகளை அரித்தெடுத்துத்தான் குளங்களுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குல் என்னும் ஊரில், ஹீராலால் சௌத்ரி மூளையடிச் சுரப்பியின் சாற்றை ஊசியாகச் செலுத்திக் கெண்டைகளைக் குளத்திலேயே முட்டையிட வைத்தார். உடன் உழைத்தவர் அலிக்குன்ஹி. அந்த நாளைத்தான் இப்போது தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம். சாதாரணக் கெண்டை என்று சொல்லப்படும் ஐரோப்பிய இனமோ அதற்கும் முன்பே, 1939இல், இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்துவிட்டது. நம்மவர் ஜிலேபிக் கெண்டை என்றழைக்கும் திலாப்பியா 1952இல் வந்தது. அது கெண்டையே அன்று. மொழி விருந்தோம்பலில் தாராளமானது.

தூண்டில் கட்டுகிறவன் இம்மீன்களின் வாயை அறிந்திருக்க வேண்டும். கெண்டைக்குத் தாடையில் பல் கிடையாது. பற்கள் தொண்டைக்குள் இருக்கின்றன. அது கவ்வாது, உறிஞ்சும். உதட்டைக் குழல்போல் நீட்டி, இரையை நீரோடு உள்ளிழுத்து, வாய்க்குள் வைத்துச் சோதித்து, ஐயம் தோன்றினால் அப்படியே வெளியே ஊதிவிடும். இது கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்து முடிந்துவிடும். மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை ஒரு நடுக்கம் காட்டி அடங்குகிறதே, அப்போது கெண்டை நம்மைச் சோதித்து நிராகரித்துவிட்டது என்று பொருள். கட்லாவுக்குக் கீழ்த்தாடை மேல்நோக்கியது, மேல்நீரில் மேயும். ரோகு இடைநீரில், மிர்கால் அடிச்சேற்றில். ஆகவே தக்கைக்கும் முள்ளுக்கும் இடையே எத்தனை முழம் விடுவது என்பதிலேயே எந்த மீன் என்பது பாதி முடிவாகிவிடுகிறது.

ஆங்கிலேயருக்கும் இந்த மீன் பாடம் நடத்தியிருக்கிறது. சென்னை மாகாணத்தில் ஆட்சிப்பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், 1873இல் இந்தியத் தூண்டில் பற்றி ஒரு நூல் வெளியிட்டவர், ஆற்று மீனுக்குச் சொன்னது குளத்து மீனுக்குப் போதாது என்று கண்டோ என்னவோ, 1887இல் குளத்துத் தூண்டிலுக்கென்றே தனிநூல் எழுதினார். இங்கிலாந்திலோ பெருங்கெண்டை பிடிபடாத மீன் என்றே நெடுங்காலம் பெயர் பெற்றிருந்தது. 1952 செப்டம்பரில் ரிச்சர்டு வாக்கர் ரெட்மயர் குளத்தில் 44 பவுண்டு கெண்டையைப் பிடித்தபோது அது நாட்டின் சாதனையாயிற்று. அந்த மீன் லண்டன் விலங்குக்காட்சிச் சாலைத் தொட்டியில் ஏறத்தாழ இருபது ஆண்டு வாழ்ந்தது. அதுவரையிலும் முறை ஒன்றுதான். சங்கப் பாண்மகன் செய்தது போலவே முள்ளை இரைக்குள் பொதிந்து மறைப்பது.

அந்த முறையைத் தலைகீழாக்கியவர்கள் லென் மிடில்டன், கெவின் மேடக்ஸ் என்னும் இருவர். 1970களின் இறுதியில் தொட்டியில் கெண்டைகளை வைத்து அவை உண்ணும் விதத்தைக் கவனித்தனர். முள் பொதிந்த இரையைக் கெண்டை எடையாலும் விறைப்பாலும் அடையாளம் கண்டு ஊதிவிடுகிறது. அப்படியானால் முள்ளை மறைத்துப் பயனென்ன? அவர்கள் முள்ளின் வளைவிலிருந்து ஒரு தலைமயிரைக் கட்டி, அதன் நுனியில் இரையைத் தொங்கவிட்டனர். உண்மையாகவே தலைமயிர்தான். இரை தனியே மிதந்து வாய்க்குள் போகிறது, வெறுமுள் பின்தொடர்கிறது. மீன் ஊதும்போது இரை வெளியேறிவிடும், முள் கீழுதட்டில் மாட்டிக்கொள்ளும். 1981இல் மேடக்ஸ் தம் நூலில் இதை வெளிப்படுத்தினார். கெண்டைத் தூண்டில் உலகம் அதன்பின் பழையபடி இல்லை.

இவ்விடத்தில் நம்மூர்க் கரைக்குத் திரும்ப வேண்டும். இங்கே கட்லாவுக்குப் போடுகிற கொத்துமுள்ளைப் பார்க்காதவர் இருக்க முடியாது. கடலைப் புண்ணாக்கும் மைதாவும் தவிடும் பிசைந்து, சுருள்கம்பியைச் சுற்றி எலுமிச்சை அளவில் உருட்டுவார்கள். அதிலிருந்து குட்டைத் தங்கூசிகளில் நான்கு, ஆறு என்று முட்கள் தொங்கும். இரையற்ற வெறுமுட்கள். கட்லா உருண்டையைக் கரைத்து உறிஞ்சும்போது ஏதேனும் ஒரு முள் நீரோடு வாய்க்குள் போய்விடும். இதை முதலில் கட்டியவர் யார், எந்த ஊர் என்பதற்குப் பதிவு ஏதுமில்லை. மேடக்ஸைப் போல நூல் எழுதியவரும் இல்லை. ஆனால் சிந்தனை ஒன்றேதான்: கெண்டையின் உறிஞ்சலே அதற்கு எதிராகத் திருப்பப்படுகிறது. தலைமயிர் ஒன்றுக்கும் ஆறு முட்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது.

வெறுமுள்ளுக்கு ஒரு துணை வேண்டும்: கனம். முள் குத்திய கணத்தில் கெண்டை திடுக்கிட்டு ஓடும். அப்போது எதிரே ஒரு குண்டு கனத்து நின்றால்தான் முள் ஆழ இறங்கும். ஆகவே குண்டை நரம்போடு அசையாமல் கட்டினார்கள். சரி, நரம்பு மேலே எங்காவது அறுந்தால்? மீன், வாயில் முள்ளும் பின்னால் குண்டுமாக நீருக்குள் போகிறது. குண்டு வேரிலோ கல்லிலோ சிக்கினால் அது அங்கேயே கட்டுண்டு கிடந்து சாகும். இங்கிலாந்தில் இதைக் கண்டு வருந்தியவர்கள் குண்டைப் பிடிக்கும் கவ்வியை வடிவமைத்தார்கள். சிக்கி இழுபடும்போது கவ்வியின் ரப்பர் உறை பின்வாங்கும், குண்டு கழன்று விழும். அங்குப் பல குளங்களில் பின்னோக்கிய சிறுமுள் இல்லாத தூண்டில்முள்ளையே அனுமதிக்கிறார்கள். அதை மீன் தானே உதறிக்கொள்ளும். ஈயத்துக்கும் அங்கே ஒரு கணக்கு நேர்ந்தது. சிந்திய சிறு ஈயக்குண்டுகளை அன்னங்கள் இரைப்பைக் கற்களோடு விழுங்கிச் செத்தன. 1987 தொடக்கம் முதல் 28.35 கிராம் வரையிலான ஈய எடைகள் தடையாயின. கெண்டைக்கான பெருங்குண்டுகள் அதைவிடக் கனமானவை. சட்டத்துக்கு வெளியே நின்றன.

நமது கொத்துமுள்ளில் இந்த இரண்டாம் பாதி நடக்கவே இல்லை. முட்களும் சுருளும் குண்டும் ஒரே முடிச்சில் இறுகியிருக்கின்றன. நரம்பு அறுந்தால் ஆறு முட்களும் மீனோடு போகும். இரண்டாண்டுக்கு முன் கண்மாய் வற்றியபோது நடந்த மீன்பிடியில், ஊத்தாவில் அகப்பட்ட ஒரு கட்லாவை எங்கள் முன் போட்டார்கள். தலை பெருத்து உடல் ஒட்டியிருந்தது. ஒரு முள் உதட்டில், ஒன்று கண்ணோரம், மற்றொன்று செவுள்மூடியில். நைந்த தங்கூசி அவற்றை ஒன்றாகக் கட்டிவைத்திருந்தது. வாங்க எவரும் முன்வரவில்லை. அதே கரையில், கருவேலங்கிளையில் சுற்றிய நரம்பில் ஒரு நீர்க்காகம் தலைகீழாகக் காய்ந்து தொங்கியது. அண்டைச் சிவகங்கை மாவட்டத்தின் வேட்டங்குடியில், சரணாலயப் பறவைகள் அஞ்சுமே என்று தீபாவளிக்கு வெடி வைக்காத கிராமத்தார் உண்டு. அவர்களை நினைத்துக்கொண்டோம்.

வெடி என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. நீரில் வெடிபோட்டு மீன் பிடிப்பது புதிய குற்றமன்று. 1897ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டத்தின் நான்காம் பிரிவே அதற்காகத்தான் எழுதப்பட்டது. இரண்டு மாதச் சிறை, 200 ரூபாய் அபராதம் என்பது அதில் கண்ட தண்டனை. அதிர்வலை மீனின் காற்றுப்பையைக் கிழிக்கிறது. மேலே மிதப்பதை அள்ளுகிறார்கள். அடியில் அமிழ்ந்தவையும் குஞ்சுகளும் எவர் கணக்கிலும் வருவதில்லை. கெண்டையினத்துக்குக் காற்றுப்பையையும் உட்செவியையும் இணைக்கும் சிற்றெலும்புத் தொடர் ஒன்று உண்டு. 1820இல் வெபர் கண்டு விவரித்தது. அதனால் கெண்டை கூர்ந்து கேட்கும் மீன். கரையில் செருப்போசையைக்கூடக் கேட்கும் உயிருக்கு வெடி என்னவாக இருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். மருந்து மலிந்த நம் வட்டாரத்தில், அதைத் தொடாமல் தூண்டிலோடு உட்காரும் மனிதர்கள்மீது நமக்குள்ள மதிப்பு அதனாலும் கூடியது.

அவர்களுள் ஒரு அண்ணாச்சி. இளமையில் திரி முறுக்கும் வேலையில் இருந்தவர். அவரது தூண்டிலில் கொத்து இல்லை. ஒற்றை முள், அதன் சிறுமுள்ளையும் குறட்டால் நசுக்கியிருந்தார். ஈயத்துக்குப் பதிலாகப் பழைய லாரி நட்டு ஒன்று. அந்த நட்டு நரம்பில் நேராகக் கட்டப்படவில்லை. ஸ்விவலிலிருந்து ஒரு சாண் வெள்ளை நூலில் தொங்கியது. துணி தைக்கிற ஒற்றைப் பருத்திநூல். ஏன் அண்ணாச்சி, வீசும்போது அறுந்துவிடாதா என்று கேட்டோம்.

“மெல்ல வீசுனா அறாது சார். சிக்குனா அது அறணும். நட்டு போனா காயலாங்கடையில இன்னொண்ணு. மீனு அதக் கட்டி இழுத்துக்கிட்டா கெடந்து சாகணும்? திரி எதுக்கு வைக்கிறோம், வெடிக்கவா? வச்சவன் தள்ளிப்போக நேரம் வேணும்ல, அதுக்குத்தான்.”

கவ்வியும் ரப்பர் உறையும் பற்றி நாங்கள் சொன்னதை அவர் கேட்டுக்கொண்டார், வியப்படையவில்லை. அவரிடம் கற்றபடி நாங்களும் இப்போது நூலில்தான் கட்டுகிறோம். பருத்தி என்பது முக்கியம். நைலான் நூல் நீரில் மட்காது. பருத்தி அறுந்த பிறகு சில வாரங்களில் இற்றுவிடும். முள்ளுக்குமேல் ஒரு முழ நரம்பு மற்ற நரம்பைவிடச் சற்று மெல்லியதாக இருக்க வேண்டும். எதிர்பாராமல் அறுந்தாலும் மீனோடு போவது அந்த முழமும் ஒற்றை முள்ளுமே.

பஜாரில் கொத்துமுள் கட்டு ஆயத்தமாகப் பொட்டலத்தில் தொங்குகிறது. பையன்கள் வாங்குவது அதைத்தான். பருத்திநூல் மூன்று கடை தள்ளி, தையற்சாமான் கடையில் இருக்கிறது. சென்ற மாதம் எங்கள் மாணவர்கள் இருவர் அண்ணாச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கொத்தைப் பிரித்து, ஆறு முட்களை ஆறு தூண்டிலாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அன்று ஒருவருக்கும் கட்லா படவில்லை. மாலையில் ஒரு மிர்கால் மட்டும், அதுவும் அண்ணாச்சிக்கு.