எப்பம் வந்தே? எப்பம் போவே? – பட்டாளத்து வீட்டு லீவு வரலாறு

ராணுவ வரலாறு எழுதுறவங்க போரை வைத்துத்தான் கணக்கு போடுவாங்க. 1962, 1965, 1971, 1999 என்று. எங்க அருமனைப் பக்கம் ஒரு பட்டாளத்துக்காரர் வீட்டில் போய்க் கேட்டால் கணக்கு வேற மாதிரி வரும். "மூத்தவன் பிறக்கும்போ அவரு லடாக்குல. ரெண்டாவது லீவுல வந்தப்போதான் பிள்ளையைப் பார்த்தாரு. மாமியார் செத்ததுக்கு அடுத்த லீவுல இந்த வீட்டுக்கு கான்கிரீட் போட்டோம்." வருஷம் எல்லாம் கிடையாது. லீவுதான் வருஷம்.

அதனால இந்தப் பதிவில் போர் குறைவு, லீவு அதிகம். துப்பாக்கி சத்தம் எதிர்பார்த்து வந்தவங்க மன்னிக்கவும் :-)

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1741ல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மா படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது, அப்போ பிடிபட்ட டிலனாய் பிறகு திருவிதாங்கூர் படைக்கே தளபதி ஆனது எல்லாம் தெரிஞ்ச விஷயம். புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள்ள அவரோட கல்லறை இருக்கு. லத்தீனிலும் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கும். பார்க்கப் போறவங்க அதை மட்டும் போட்டோ எடுத்துட்டு வந்துடுவாங்க. அவரோட மனைவியும் மகனும் கூட அங்கேதான் அடக்கம். ஐரோப்பாவில் பிறந்த மனுஷன், 1777ல் சாகும்வரை 36 வருஷம் சொந்த ஊருக்கே திரும்பவில்லை. எங்க மாவட்டத்தில் கல்லில் பேரோட தெரிகிற பழைய பட்டாளத்துக் குடும்பம் அது. லீவே கிடைக்காத குடும்பம்.

அவர் பழக்கிய படையின் வாரிசுகள் இன்னும் இருக்காங்க. 1704ல் பத்மநாபபுரத்தில் தொடங்கியதாகச் சொல்லப்படும் படைதான் பின்னாடி திருவிதாங்கூர் நாயர் காலாட்படையாகி, சுதந்திரத்துக்குப் பிறகு இந்திய ராணுவத்தில் சேர்ந்து மெட்ராஸ் ரெஜிமெண்டின் 9வது பட்டாலியன் ஆனது. இன்னொரு திருவிதாங்கூர் பட்டாலியன் 16வது ஆனது. இந்த இணைப்பை வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு வரியில் சொல்லி முடிச்சுடுவாங்க. வீட்டுப் பக்கமிருந்து பார்த்தால் அது பெரிய மாற்றம். திருவிதாங்கூர் சிப்பாய்க்கு பட்டாளம்னா திருவனந்தபுரம் பாங்கோடு. அருமனையில் இருந்து சுமார் 40 கிலோமீட்டர். அவசரம்னா நடந்தே வந்துடலாம். இந்திய ராணுவத்தின் சிப்பாய்க்கு பட்டாளம்னா காஷ்மீர், நாகாலாந்து, ராஜஸ்தான். அதே சமயம், நாயர் பட்டாளம்னு பேர் இருந்த காலத்தில் உள்ளே நுழைய முடியாத சாதிகளுக்கு இரண்டாம் உலகப் போரும் பிறகு இந்திய ராணுவமும்தான் கதவைத் திறந்தன. வேலையும் பென்ஷனும் நிறைய வீடுகளுக்கு வந்தது. கூடவே தூரமும் வந்தது.

அந்தத் தூரம் எவ்வளவுன்னு இன்றைக்கு நமக்குப் புரியாது. 1972ல்தான் ஜம்முவுக்கு ரயில் போனது. அதுக்கு முன்னாடி ரயிலுக்கு பதான்கோட்டுக்குத்தான் வரணும். 1960களில் ஸ்ரீநகர் பக்கம் இருந்த ஒரு சிப்பாய் கான்வாயில் மலை இறங்கி பதான்கோட் வரணும். அங்கிருந்து தில்லி. தில்லியில் இருந்து கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் மெட்ராஸ் சென்ட்ரல். பிறகு டிரங்குப் பெட்டியும் ஹோல்டாலும் தூக்கிக்கிட்டு எழும்பூருக்குப் போய் மீட்டர் கேஜ் ரயிலில் செங்கோட்டை, கொல்லம் வழியா திருவனந்தபுரம். அப்புறம் மார்த்தாண்டத்துக்கு பஸ், அங்கிருந்து அருமனைக்கு இன்னொரு பஸ். போக ஒரு வாரம், வர ஒரு வாரம்.

1976ல் திருவனந்தபுரம் வரை அகலப் பாதை வந்தது. 1979ல் அங்கிருந்து நாகர்கோவில், கன்னியாகுமரிக்கு ரயில் விட்டார்கள். குழித்துறைக்கு ஸ்டேஷன் வந்ததும் அப்போதான். 1984ல் கன்னியாகுமரியில் இருந்து ஜம்மு தாவிக்கு ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ். வாரம் ஒருமுறை, 3,700 கிலோமீட்டருக்கு மேல், மூணு நாள் பயணம். (இப்போது கத்ரா வரை போகுது.) அன்றைக்கு இந்தியாவிலேயே நீளமான ரயில் அதுதான். குமரியும் இமயமும்னு கவிதையா பேர் வைத்தாங்க. எங்க ஊருக்கு அது வெறும் பட்டாளத்து வண்டி. 2011ல் அந்தப் பெருமையை திப்ரூகர் விவேக் எக்ஸ்பிரஸ் தட்டிப் பறித்தது. அதுவும் கன்னியாகுமரிக்குத்தான் வருது. கவனிச்சீங்களா? இந்த ரெண்டு நீள ரயிலும் எங்க மாவட்டத்தில் இருந்து கிளம்பி ஒண்ணு காஷ்மீர்ப் பக்கம், இன்னொண்ணு அஸ்ஸாம் பக்கம் போகுது. இந்திய சிப்பாய் அதிகமா நிற்கிற இரண்டு எல்லைகள்.

சரி, வீட்டுக்கு வந்தாச்சு. சிப்பாய்க்கு வருஷத்துக்கு 60 நாள் ஆண்டு லீவு. அதுபோக 30 நாள் கேஷுவல் லீவு. இந்த அறுபது நாளுக்கு எங்க ஊரில் எழுதப்படாத டைம்டேபிள் ஒண்ணு உண்டு. முதல் நாள் சொந்த வீடு. அடுத்து பொண்டாட்டி வீடு. பிறகு அக்கா தங்கச்சி வீடுகள், வயசு வரிசையில். அதுக்கப்புறம் அவர் இல்லாத நேரத்தில் சாவு நடந்த வீடுகள். கல்யாணத்துக்கு வரலைன்னா மன்னிச்சுடுவாங்க. துஷ்டி கேட்க வரலைன்னா அடுத்த தலைமுறை வரைக்கும் ஞாபகம் வைத்திருப்பாங்க. பெண் பார்க்கிறது, நிச்சயம், கல்யாணம், மறுவீடு விருந்து எல்லாம் ஒரே லீவில் முடிந்த வீடுகள் ஏராளம்.

ஆண்களுக்கு கேன்டீன் ரம், பாட்டிகளுக்குக் கம்பளி, பிள்ளைகளுக்கு ஆப்பிளும் அக்ரூட்டும். ரம் பாட்டில் ஒண்ணு குறைஞ்சதால பேச்சு நின்ன சித்தப்பாக்கள் எல்லா ஊரிலும் இருப்பாங்க :-) எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி ஒண்ணுதான்: "மக்கா, எப்பம் வந்தே? எப்பம் போவே?" காப்பி வருவதற்கு முன்னாடியே திரும்பிப் போற தேதியைக் கேட்பாங்க. எங்க மாமா இந்தக் கேள்விக்காகவே பாதி வீட்டுக்குப் போக மாட்டார். திரும்பிப் போகும்போது பெட்டியில் முந்திரிக்கொத்து, ஏத்தங்காய் சிப்ஸ், அச்சார். முந்திரிக்கொத்து எத்தனை நாள் ஆனாலும் கெடாது. மூணு நாள் ரயிலையும் தாங்கும், பாரக்கில் கூட இருக்கிறவங்களுக்கும் மிஞ்சும்.

இந்த டைம்டேபிளைப் போட்டது யாருன்னு பார்த்தால் பெண்கள்தான். யார் வீட்டில் என்ன நடந்தது, யாருக்கு என்ன மொய் வைத்தோம், யாரைப் பார்க்கணும் எல்லாத்தையும் பத்து மாசம் மனசில் எழுதி வைத்து, வந்தவுடனே கையில் கொடுப்பது பொண்டாட்டியோ அம்மாவோதான். வயல், ரப்பர், பிள்ளை படிப்பு, கடன் எல்லாம் அவங்க பொறுப்பு. கடிதத்தின் விலாசத்தில் நம்பர், ராங்க், பேர், யூனிட், கேர் ஆஃப் 56 ஏபிஓ அல்லது 99 ஏபிஓ. ஊர் பேரே இருக்காது. 56 என்றால் தில்லி வழி, 99 என்றால் கல்கத்தா வழி. 56 மாறி 99 வந்தால் "ஆளு அஸ்ஸாம் பக்கம் போயாச்சு" என்று அடுப்படியிலேயே கண்டுபிடித்துவிடுவாங்க. இன்டெலிஜென்ஸ் எல்லாம் பிச்சை வாங்கணும்.

பீஸ் ஸ்டேஷன் கிடைத்தால் குடும்பத்தைக் கூட்டிப் போகலாம், அதுவும் குவார்ட்டர்ஸ் கிடைத்தால். பிள்ளைகள் கேந்திரிய வித்யாலயாவில் சேர்வாங்க. (1963ல் அந்தப் பள்ளிகள் தொடங்கியதே 20 ரெஜிமெண்ட் பள்ளிகளை எடுத்துக்கொண்டுதான்.) லீவுக்கு ஊருக்கு வந்தால் பிள்ளை ஹிந்தியில் அழும். பாட்டிக்கு அது என்ன கேட்குதுன்னே புரியாது. பீல்டுக்கு மாற்றம் வந்தால் மறுபடியும் அருமனை, மறுபடியும் புது பள்ளிக்கூடம்.

எல்லாரும் பயந்தது தந்திக்குத்தான். லீவு கிடைக்காத மகனை வரவழைக்க "அம்மா சீரியஸ், உடனே வரவும்" என்று தந்தி அடிக்கிறது ஊர் வழக்கம். அதிகாரிகளுக்கும் அது தெரியும் என்பதால் நிஜமாகவே அம்மா சீரியஸான வீட்டுக்கும் சந்தேகம்தான் கிடைத்தது. எதிர்ப்பக்கமிருந்து வரும் தந்தியில் பொய் இருக்காது. 1965, 1971 போர்களில் இறந்தவர்களைப் பெரும்பாலும் போர்முனையிலேயே எரித்தோ புதைத்தோ விட்டார்கள். வீட்டுக்கு வந்தது தந்தி, கொஞ்ச நாள் கழிச்சு அவரோட சாமான்கள் இருந்த பெட்டி. நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் ஊரே மெழுகுவர்த்தி ஏற்றும்போது, ஏற்றுவதற்குக் கல்லறையே இல்லாமல் நின்ற பெண்கள் உண்டு. சடங்கு செய்ய உடம்பு இல்லாததால் பல வருஷம் பொட்டை அழிக்காமல் காத்திருந்தவங்க கதைகளையும் கேட்டிருக்கேன். 1999 கார்கிலில்தான் உடல்களை முறையாக வீட்டுக்கே அனுப்ப ஆரம்பித்தாங்க. கொடி போர்த்திய பெட்டி, குண்டு முழக்கம், கலெக்டர். நாடு முழுக்க டிவியில் பார்த்து அழுதது. அதுக்கு முந்தின பெண்களோட அழுகையைப் படம் பிடிக்க யாரும் வரவில்லை. எனக்கு இந்த வரலாற்றில் உறுத்துற இடம் இதுதான்.

2013 ஜூலையில் தந்தி சேவையே மூடியாச்சு. சிக்னல் கிடைத்தால் இப்போ தினமும் வீடியோ கால். "எப்பம் போவே" கேள்வி வாட்ஸ்அப்பில் வருது. 2022ல் வந்த அக்னிபத் திட்டத்தில் சேர்றவங்களுக்கு நாலு வருஷ வேலை, வருஷத்துக்கு 30 நாள் லீவு. நாலில் ஒருத்தர் வரைதான் தொடர முடியும். மற்றவங்களுக்கு பென்ஷன் கிடையாது. திட்டம் நல்லதா கெட்டதான்னு சண்டை போட இங்கே வரவில்லை. 15, 20 வருஷம் லீவுகளால் கட்டப்பட்ட அந்தப் பழைய பட்டாளத்துக் குடும்பம் இதோட மாறப் போகுது என்பது மட்டும் நிச்சயம்.

மாறுவதற்கு முன்னாடி எழுதி வைக்கணும். பட்டாலியன் வரலாறு எழுத ரெஜிமெண்ட் இருக்கு, வெலிங்டனில் அதற்கு மையமும் இருக்கு. லீவு வரலாறு எழுத யாரும் இல்லை. உங்க வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பட்டாளத்துக்காரர் மனைவி இருந்தால் உட்கார்ந்து கேளுங்க. எந்த லீவில் என்ன நடந்தது, எந்தக் கடிதம் எத்தனை நாளில் வந்தது, யார் வீட்டுக்குப் போக முடியாமல் போச்சு என்று. தேதி தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை, லீவு கணக்கு சரியாக இருக்கும்.

டிஸ்கி: ரம் கேட்டு யாரும் மெயில் அனுப்ப வேண்டாம். மாமா ரிட்டயர்டு ஆகி கோட்டா குறைஞ்சுபோச்சு :-)