அமித்தாயின் மகன் விட்ட சொல்: யோனா 4:2 மறுவாசிப்பு

நினிவேக்குப் போகச் சொன்னால் யோனா தர்ஷீசுக்குக் கப்பலேறியது ஏன்? அந்நகரத்து அசீரியர் பிழைப்பதைப் பொறுக்காத இனக்குறுகலே காரணம் என்பது ஆய்வுலகில் நெடுங்காலம் வேரூன்றிய விடை. யோனா தம் வாயாலேயே சொல்லும் காரணத்துக்கு அவ்விடை போதிய அளவு காதுகொடுக்கவில்லை என்று கருதுகிறேன்.

அக்காரணம் 4:2இல் வருகிறது. அங்கே இனத்தைப் பற்றிய பேச்சே இல்லை. யாத்திராகமம் 34:6 அடுக்கும் இறைப்பண்புகளை யோனா திருப்பிச் சொல்கிறார். ஒன்றை மட்டும் விட்டுவிடுகிறார். எபிரேய மூலத்தில் தயையைக் குறிக்கும் ஹெசெத்தை அடுத்து எமெத் நிற்கிறது. தமிழ் வேதாகமம் அதைச் சத்தியம் என்கிறது. சொன்ன சொல் வழுவாமை அதன் உட்பொருள். யோனாவின் அடுக்கில் அந்த இடத்தை, தீங்கு செய்வதிலிருந்து மனம் மாறுபவர் என்ற தொடர் பிடித்துக்கொள்கிறது. பேசுபவரோ அமித்தாயின் மகன். எமெத்தின் வேரில் பிறந்த பெயர் அது. தந்தையின் பெயரிலுள்ள சொல்லையே மகன் விழுங்கிவிடுகிறார்.

யோவேல் 2:13இலும் இதே வடிவம் உண்டு. ஆகவே இது வழக்குத் தொடர் மட்டுமே எனலாம். வடிவம் பொதுவாகவே இருக்கட்டும். யோவேல் அதை நம்பிக்கையாகச் சொல்கிறார், யோனா முறையீடாகச் சொல்கிறார். பெயர் 2 இராஜாக்கள் 14:25இலிருந்து வந்தது என்ற மறுப்பும் வலுவற்றது: அங்கிருந்து இவரைத் தேர்ந்தவர் நூலாசிரியர்தானே.

இவ்வாறு வாசித்தால் யோனாவின் தயக்கம் வேறு முகம் காட்டுகிறது. சொன்னது நடவாவிட்டால் அது கர்த்தர் சொல்லாத வார்த்தை என்கிறது உபாகமம் 18:22. நினிவே கவிழ நாற்பது நாள் கெடு கூறிய யோனாவின் வாக்கு, நகர் தப்பிவிட்டதால், அந்தச் சோதனையில் நிற்காது. 3:4இல் வரும் ஹாபக் என்னும் வினை கவிழ்வதையும் மனம் மாறுவதையும் குறிக்கும், ஆகவே வாக்கு பலித்தது என்பாரும் உளர். நகருக்குக் கிழக்கே குடிசை போட்டு, என்ன ஆகுமோ என்று காத்திருந்த யோனா அப்படிப் பொருள் கொள்ளவில்லை; அதுவே போதும்.

கடவுளின் மறுமொழியும் பகையைக் கண்டிப்பதாக இல்லை. 1,20,000க்கு மேற்பட்ட மனிதரையும் திரளான கால்நடைகளையும் காட்டி ஒரு கேள்வி கேட்கிறது. வாக்கின் உறுதியை ஒரு தட்டிலும் உயிர்களை மறுதட்டிலும் வைக்கும் கேள்வி அது. அழைப்பை ஏற்கத் தயங்குபவனிடம் வெறுப்பைத் தேடுமுன், அவன் எந்த உண்மைக்கு அஞ்சுகிறான் என்று கேட்க இந்நூல் கற்பிக்கிறது.

பாவநிவிர்த்தி நாளான யோம் கிப்பூரின் பிற்பகலில் யூதத் தொழுகைக்கூடங்களில் யோனா முழுதும் வாசிக்கப்பட்டபின் மீகா 7:18–20 தொடர்கிறது. பிற்கால வழிபாட்டு ஏற்பாடு நூலாசிரியரின் கருத்துக்குச் சான்றாகாது. ஆயினும் அந்த மீகா பகுதியின் இறுதி வசனத்தில் எமெத்தும் ஹெசெத்தும் மீண்டும் அருகருகே நிற்கின்றன. யோனா விட்ட சொல்லுக்காகக் காத்திருந்த செவிகள் அதை அங்கே கேட்டிருக்கும்.