விறகு போட ஆளில்லாத இரவுக்கு எந்த கேஸ்?

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் விறகால் வீட்டைச் சூடாக்குவது இன்றும் அன்றாட வழக்கம். பல வீடுகளில் பேஸ்மென்டில் விறகு பாய்லர் இருக்கும். அதில் காய்ந்த வெந்நீரை பம்ப் அறைக்கு அறை ஓட்டும். ஜனவரி இரவில் வெப்பநிலை மைனஸ் 25 டிகிரி செல்சியஸ் வரை இறங்கக்கூடும். வீட்டுக்காரர் காய்ச்சலில் படுத்தாலோ வெளியூர் போனாலோ அடுப்பு அணைந்து, குழாயில் தண்ணீர் உறைந்து குழாயே வெடித்துவிடும். அதற்காகத்தான் கேஸ் துணை. வடமேற்குப் பகுதியைத் தாண்டினால் அங்கே குழாய் எரிவாயு இல்லை. வெளியே தொட்டியில் நிரப்பிவைக்கும் புரொப்பேன்தான் கதி.

இரண்டு வழிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று, விறகு பாய்லரின் குழாய்களோடே இணையும் கண்டென்சிங் பாய்லர். மற்றது, தனியாகச் சுவரில் மாட்டும், மின்சாரமே கேட்காத கேஸ் ஹீட்டர்.

விற்பனையாளர் முதலில் பேசுவது திறனைப் பற்றித்தான். கண்டென்சிங் பாய்லர் புகையிலுள்ள நீராவியைக் குளிரவைத்து அதன் சூட்டையும் பிடித்துக்கொள்வதால் 90 சதவீதத்தைத் தாண்டும். ஆனால் திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் இது நடக்கும். 80 டிகிரி வெந்நீருக்கென்று அமைத்த பழைய ரேடியேட்டர்கள் உள்ள வீட்டில், கடுங்குளிர் நாளில் அந்த ஆதாயம் பெரும்பாலும் கைக்கு வராது. சுவர் ஹீட்டரின் திறன் 70 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 30,000 கிலோவாட்-மணி சூடு தேவைப்படும் வீட்டில் பத்தில் ஒரு பங்கை கேஸ் தந்தால், 90 சதவீதத் திறனில் ஏறத்தாழ 470 லிட்டர் புரொப்பேன், 70-இல் 600 லிட்டர். எப்போதாவது எரியும் துணைக்கு இந்த வித்தியாசத்தை வைத்து முடிவெடுப்பது தவறு என்பேன்.

கேட்க வேண்டிய கேள்வி, எது எப்போது நின்றுபோகும் என்பது. 1998 ஜனவரியில் வடகிழக்கு மாநிலங்களையும் கனடாவின் கியூபெக்கையும் தாக்கிய பனிக்கட்டிப் புயலில் சில பகுதிகளில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் பம்ப் நிற்கும். பம்ப் நின்றால் விறகு பாய்லரின் சூடும் மேலே ஏறாது. எரிகிற விறகையோ உடனே அணைக்க முடியாது, ஆகவே மிகைச்சூட்டை இறக்கிவிடத் தனி வழி வேண்டும். கண்டென்சிங் பாய்லரும் அதே மின்சாரத்தை நம்பியிருப்பதால் இரண்டும் ஒரே நேரத்தில் முடங்கும். சுவர் ஹீட்டரிலோ எப்போதும் எரியும் சிறு சுடரே தெர்மோபைல் வழியாக ஒரு வோல்ட்டுக்கும் குறைவான மின்சாரத்தை உண்டாக்குகிறது. வால்வைத் திறக்க அது போதும். எரிவதற்கு வேண்டிய காற்றை வெளியிலிருந்தே இழுத்து, புகையை வெளியே தள்ளும் வகையைத்தான் வாங்க வேண்டும். புகைக்குழாய் இல்லாத வகை கார்பன் மோனாக்சைடையும் ஈரத்தையும் வீட்டுக்குள்ளேயே விடும்.

சுவர் ஹீட்டரால் முடியாததும் உண்டு. அது சூடாக்குவது ஓர் அறையை, கதவு திறந்திருந்தால் பக்கத்து அறையையும். வடக்குச் சுவரோரக் குளியலறைக் குழாயைக் காக்க அதனால் ஆகாது. ஆளில்லாத வீட்டை முழுதாகக் காப்பாற்றுவது கேஸ் பாய்லர்தான். ஆனால் இணைப்பில் கவனம் வேண்டும்: ரிட்டர்ன் குழாயில் தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் செக் வால்வு இல்லாவிட்டால், கேஸ் பாய்லர், அறைகளோடு சேர்த்து விறகு பாய்லருக்கென்று வைத்த ஆயிரக்கணக்கான லிட்டர் வெந்நீர்ச் சேமிப்புத் தொட்டியையும் காய்ச்சிக்கொண்டிருக்கும், புரொப்பேன் வீணாகக் கரையும்.

புரொப்பேன் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தாழ்ந்த இடத்தில் தேங்கும். பேஸ்மென்டில் பாய்லர் வைப்பவர்கள் கசிவு எச்சரிக்கைக் கருவியைத் தரையையொட்டி மாட்ட வேண்டும். இந்தக் கவலை தரைக்கு மேலே உள்ள சுவர் ஹீட்டருக்குக் குறைவு.

குளிர்காலம் முழுக்க வீட்டிலிருந்து தினமும் விறகு போடுபவருக்கு நான் சுவர் ஹீட்டரையே சொல்வேன். அடிக்கடி பயணம் போகிறவர், விறகு தூக்க உடம்பு ஒத்துழைக்காத வயதை நெருங்குகிறவர் பாய்லர் வாங்கட்டும். கூடவே அதையும் பம்பையும் ஓட்ட ஒரு சிறு ஜெனரேட்டரும் வேண்டும். அப்போதும் கேஸ் குழாய் போடுகிற அன்றே கூடத்துச் சுவருக்கு ஒரு கிளையை விட்டு மூடிவைக்கச் சொல்வது நல்லது. பின்னால் ஹீட்டர் மாட்ட நினைத்தால் அந்தக் கிளை இருந்தால் போதும்.